அடித்துப்போட்ட மூன்று வரிகள்

குட்வெய்க்கின் அடக்கத்தன்று ஊர்மன்றத் தலைவர் எழுந்து, "நம் மண்ணின் எழுத்தாளர்" என்று உருகினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மண் அவளை என்ன பாடு படுத்தியது என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

இருபத்தெட்டு வருடம் மீன் ஆலையில் ஒரே மேசை முன் நின்று மீன் அறுத்தோம். வேலை முடிந்த பிறகு அவள் நான்கு நாவல் எழுதினாள். ஓஸ்லோவில் பரிசு கொடுத்தார்கள். எங்கள் ஊரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தகப்பன் பெயர் தெரியாத வேலைக்காரி மகளுக்கு இவ்வளவு திமிரா என்ற வயிற்றெரிச்சல்.

பிறகு ஊர்ப் புத்தகம் எழுத ஆள் தேவைப்பட்டதும் அவளிடமே வந்தார்கள். பண்ணைவாரியாக, பிறந்தவர், கல்யாணம் கட்டியவர், கடலில் போனவர் எல்லாரும் ஏறும் தடிப் புத்தகம். எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது. ஆறு வருடம் தேவாலயப் பதிவேடுகளில் கிடந்து எழுதி முடித்தாள்.

அச்சுக்கு முன் ஒவ்வொரு பண்ணையும் தன் பக்கத்தைப் பார்த்துத் திருத்துவது வழக்கம். நூர்கார்டு பண்ணைக்காரன் ஆஸ்பியோர்ன் மூன்று வரிகளைச் சிவப்பு மையால் அடித்து அனுப்பினான். 'ஊலினா. இருபத்தாறு வருடம் இங்கே வேலை செய்தாள். மகள் குட்வெய்க்.' அவ்வளவுதான் அந்த வரிகள்.

குட்வெய்க் அவன் வாசலுக்கே போய்க் கேட்டாள்; நானும் கூடப் போனேன்.

"ஏன்டா அடிச்சே?"

"குடும்பம்தான் புத்தகத்துல வரும். மாடு கறந்தவ பேரைப் போட்டா மாட்டுப் பேரையும் போடணும்."

"உங்கப்பன் பேரையா போட்டேன்? எங்கம்மா பேரைத்தானேடா போட்டேன்!"

கதவைச் சாத்திவிட்டான். புத்தகக் குழுவின் தலைவனும் அவன்தான். வரிகள் இல்லாமலே புத்தகம் வந்தது. ஊரே அறிந்த விஷயம்; ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, வெட்கக்கேடு.

வெளியீட்டுக்கு ஜெபக்கூடம் நிரம்பியது. காப்பி குடித்து, வாஃபிள் தின்றுவிட்டு எல்லாரும் கையெழுத்துக்கு வரிசையில் நின்றார்கள். குட்வெய்க் முதல் பக்கத்தைத் தொடவே இல்லை. நூர்கார்டு பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் அந்த மூன்று வரிகளை எழுதினாள். அதன் கீழேதான் கையெழுத்து. அடுத்த பிரதி, அதற்கடுத்தது. மீன் அறுத்து வீங்கிய மணிக்கட்டோடு நூற்றுப் பன்னிரண்டு பிரதிகள். பார்த்தவர்கள் முகம் சிவந்தது, ஆனால் நகரவில்லை. ஊர் முன்னால் வரிசையை விட்டுப் போக எவனுக்குத் தைரியம்?

கடைசியில் ஆஸ்பியோர்னின் மனைவி சிஸ்ஸல் தன் வீட்டுப் பிரதியை நீட்டினாள்.

"சிஸ்ஸல், வா, போகலாம்!" என்று அவன் கதவருகிலிருந்து கத்தினான்.

குட்வெய்க்கின் விரல்கள் மடங்க மறுத்தன. "முடியலடி. நீயே எழுதிக்கோ" என்று பேனாவை அவளிடம் கொடுத்தாள்.

சிஸ்ஸல் குனிந்து மூன்று வரிகளையும் எழுதினாள். நிறுத்தவில்லை. நான்காவதாக ஒன்று எழுதி, கூடம் முழுவதும் கேட்கும்படி வாசித்தாள்:

"தகப்பன், என் மாமனார்."