இடுப்பில் பேட்டரி, எதிரே துப்பாக்கி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் எந்த ஃபிலிம் கேமராவைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு லோடு செய்வேன். 1991இல் இங்கிலாந்திலிருந்து வந்த கேமராமேன் பார்ட்டன் சார் அசிஸ்டன்டாக என்னைத்தான் வேண்டுமென்று கேட்டார். பாலைவனம், பனிமலை, சண்டை நடக்கும் ஊர் என்று ஆயுசையே கேமராவோடு கழித்தவர் அவர்.

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் ஆடிக் கிருத்திகை. டாகுமென்டரிக்காகக் காவடிகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். கேமராவுக்கு கரண்ட் கொடுக்கும் பேட்டரியை அப்போது பெல்ட் மாதிரி இடுப்பில் கட்டிக்கொள்வோம். ஒயர் காவடியில் சிக்குமே என்று பார்ட்டன் சார் அதன்மேல் ஜிப்பாவை இறக்கிவிட்டிருந்தார். வேறு ஊராக இருந்தால் நல்ல யோசனைதான். பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் இடுப்பில் கட்டி வந்த குண்டு வெடித்துத் தலைவர் செத்தது அந்த மே மாதம்தான்.

காற்றில் ஜிப்பா தூக்கியது. பூக்காரம்மா ஒருத்தி அலறினாள்: "ஐயோ, வெள்ளக்காரன் இடுப்புல ஒயர் கீது!"

கூட்டம் சிதறியது. பந்தோபஸ்து போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியை நீட்டினார்.

"கையத் தூக்குடா!"

பார்ட்டன் சாருக்குத் தமிழ் தெரியாது. ஷாட் கெட்டால் கேமராவை நிறுத்த இடுப்பிலிருக்கும் பிளக்கைப் பிடுங்குவது அவர் வழக்கம். கை அங்கேதான் போனது. பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"சார், நோ! ஹேண்ட் நோ!"

"கிட்ட போகாதடா!" என்றார் போலீஸ்காரர்.

"கிட்டதாண்ணே கீறேன். இது கேமரா பேட்டரிண்ணே."

"வெடிச்சா?"

"வெடிச்சா நானுந்தாண்ணே போவேன்."

ஒயரைப் பிடுங்கினால் போலீஸ்காரர் சுட்டுவிடுவார். அதனால் பிளக்கைத் தொடாமல் பெல்ட்டை மட்டும் மெதுவாக அவிழ்த்து என் இடுப்பில் கட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

துப்பாக்கி இறங்கியது. "முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதாடா? எனக்கும் பொண்டாட்டி புள்ள கீதுடா" என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குமேல் பார்ட்டன் சாரால் கேமராவை ஆடாமல் பிடிக்க முடியவில்லை. கேமராவை என் தோளில் வைத்துவிட்டார். மிச்சக் காவடியெல்லாம் நான் எடுத்ததுதான். ஒரு ஷாட்கூட வீணில்லை.

இன்றைக்கு எனக்குச் சொந்தமாக யூனிட் இருக்கிறது. வெளிப்புறப் படப்பிடிப்பு என்றால் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் சாமான்களை மேஜைமேல் பரப்பிக் காட்டுவேன். புதுப் பையன்கள் சிரிப்பார்கள்.

அன்று ஓடிய ஃபிலிமை லேபில் போட்டுப் பார்த்தவன் நான். திரை முழுக்க அந்தப் போலீஸ்காரர் முகம். உதடு துடிக்கிறது, கண்ணில் தண்ணீர். எங்கள் இரண்டு பேரையும்விட அவர்தான் அதிகம் பயந்திருக்கிறார். அப்படிப் பயந்தவர் விரல்தான் டிரிக்கரில் இருந்தது.