சிம்லா போட்டோவில் நாலாவது ஆள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நான் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவன், கதை கட்டி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. 1954இல் நடந்தது இது. இப்போதும் வீட்டில் யாராவது போட்டோ எடுத்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவேன்.

விதைக்கிழங்கு வாங்க ஓசூரிலிருந்து சிம்லாவுக்கு மூன்று பேர் போனோம். நான், பட்டாளத்தில் இந்தி கற்ற மாதப்பன், என் தங்கை நாகம்மாவின் புருஷன் கங்கப்பன். நாகம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். மச்சான் குந்தாரப்பள்ளிச் சந்தையில் வாங்கிய புதுச் செருப்போடு மாப்பிள்ளை மாதிரி வந்தார். பச்சை வார் வைத்த செருப்பு.

சிம்லாவில் ஒரு ஸ்டுடியோ வாசலில், பின்னால் மலை தெரிய நின்றோம். மூன்று பேராக நின்று போட்டோ எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்பார்களே... மச்சான் அந்த வழியே வந்த ஒரு சுமைக்கூலியைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார். முதுகில் மூட்டை. அதைத் தாங்கும் பட்டை நெற்றியில். இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்திருந்தான். காலில் வைக்கோல் செருப்பு.

ஊர் திரும்பிய மறுநாள், விளக்கு வைக்கிற நேரம். வெளியே மழை. எங்கள் வீட்டில் போட்டோ கை மாறிக்கொண்டிருந்தது.

"யாரண்ணா இந்த ஆளு? எங்கூட்டுக்காரரு தோள்மேல கை போட்டுக்கினு நிக்கிறான்?" நாகம்மா கேட்டாள்.

"பட்டையப் புடிச்சிருக்கான், நல்லாப் பாரு" என்று வாங்கிப் பார்த்தேன். ஒரு கை மச்சான் தோளில் இருந்தது.

மாதப்பன் வாங்கிப் பார்த்தான். "இப்ப ரெண்டு கையும் அவரு தோள்மேலடா..."

மச்சான் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "யாரோ தலைய இறுக்குறாப்புல இருக்குது." அங்கே இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புத் தடம்.

கத்தரிக்கோலை எடுத்தேன். அந்த ஆளை வெட்டி அடுப்பில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

நாகம்மா என் கையைப் பிடித்தாள். "அவன வெட்டிட்டா மூணு பேருதான மிச்சம்!"

என் கை அப்படியே நின்றது.

சரக்... சரக்... வெளியே, ஈர மண்ணில் வைக்கோல் உரசும் சத்தம்.

வாசல்வரை வந்தது. நின்றது.

விளக்கு அணைந்தது.

ஏற்றினோம். மச்சான் இல்லை.

விடிந்ததும் கிருஷ்ணகிரி சாலையோரம் கண்டெடுத்தோம். மூட்டை சுமப்பவர் மாதிரி குனிந்தபடியே விறைத்திருந்தார். வெறுங்கால். செருப்பை ஊரே தேடியும் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் மாதப்பனும் நானும் விதைக்காக மறுபடி சிம்லா போனோம். வயிற்றுப்பாடு, வேறென்ன செய்வது? ஸ்டுடியோக்காரரிடம் போட்டோவைக் காட்டினோம். அவர் உள்ளே போய்ப் பழைய போட்டோ ஒன்றை எடுத்து வந்தார். கோட்டுப் போட்ட மூன்று வெளியூர்க்காரர்கள், ஓரத்தில் வேறொரு கூலி. அந்தக் கூலியின் பக்கத்தில் கோட்டோடு சிரித்துக்கொண்டு நின்றவன்... எங்கள் கூலியேதான்.

ஸ்டுடியோக்காரர் சொன்னதை மாதப்பன் தமிழில் சொன்னான். "இந்தக் கோட்டுக்காரன் ஊருக்குப் போனதும் செத்துட்டானாம். போன வருஷம் நாம வர்றதுக்கு மூணு வருஷம் முந்தியே. கூட வந்தவங்க திரும்ப வந்து, நம்மள மாதிரியே கேட்டுட்டுப் போனாங்களாம்."

வெளியே வந்தோம். மூட்டையோடு ஒரு கூலி எங்களைக் கடந்து போனான். குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. காலைப் பார்த்தேன்.

பச்சை வார் வைத்த செருப்பு.

நாகம்மாவிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை.