மூன்றாம் வளைவின் மண்

தம்பானூர் பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். மழை விட்ட பிறகும் கூரை ஒழுகுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயதான அம்மாள் கைப்பேசியில் ஒரே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு என் பக்கம் திருப்புகிறார். இடிந்த பார்வையாளர் படிகள், பக்கத்தில் மண் அள்ளும் இயந்திரம்.

"இங்கிலாந்திலே நாங்க இருந்த ஊர். ஸ்பீட்வே ரேஸ் நடந்த மைதானம்" என்கிறார்.

இதே ஊரில் கரமனைக்காரர். கணவருக்கு அங்கே தொழிற்சாலையில் வேலையாம். பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிள்கள் மண் தடத்தில் சறுக்கிக்கொண்டே வளையும் அந்தப் பந்தயத்துக்குச் சனிக்கிழமைதோறும் இருவரும் போவார்களாம்.

"எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் விடுவா, கேட்டேளா? அது எரியற வாசனை வந்தா, நம்மாத்து வாசனைன்னு சிரிப்பார். அந்த ஊர்லே அவர் வாய்விட்டுக் கத்தினது அங்கே மட்டும்தான்."

"இப்போது அவர்?"

"போயிட்டார். அஸ்தியை மூணாவது வளைவிலே தூவணும்னு சொல்லியிருந்தார். தூவினேன். கரமனை ஆத்திலே கரைக்கலைன்னு இங்கே உறவுக்காரா யாரும் என்னோட முகம் கொடுத்துச் சம்சாரிக்கறதில்லை."

"அங்கே நினைவுக்கல் ஏதாவது வைப்பார்கள், அம்மா."

"கல்லா? அங்கே வீடுன்னா கட்டப் போறா."

மறுபடி படத்தைப் பெரிதாக்குகிறார். வளைவு இருந்த இடத்தில் பள்ளம். அதன் விளிம்பில் மண் நிரம்பிய லாரி நிற்கிறது. அதன்மேல் விரலை வைக்கிறார்.

"மேல் மண்ணைப் பூரா வாரிண்டு போயிட்டா. எங்கே கொண்டு கொட்டினாளோ, யார்கிட்டே போய்க் கேப்பேன்?"