பட்டியலில் இல்லாத உருளைக்கிழங்கு

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்கு கிறிஸ்துமஸ் மதிய விருந்து பொது. மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அம்பலத்துக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கிளப் முற்றத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். வீட்டுக்கு ஒரு பதார்த்தம். யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மலையாளத்தில் முத்து முத்தாக எழுதி கிளப் கதவில் ஒட்டுவார். ஒரு வீட்டுக்கு அப்பம், ஒரு வீட்டுக்கு ஸ்டூ, ஒரு வீட்டுக்கு வாத்து ரோஸ்ட். எங்கள் வீட்டுக்கு பேப்பர் பிளேட்.

நான் பள்ளிக்கூடம் போன தொண்ணூறுகளிலிருந்து அதே பேப்பர் பிளேட்தான். நடுவில் ஒரு வருஷம் வாழைப்பழம், ஒரு வருஷம் சோடா. அப்பாவும் அம்மாவும் தமிழ்நாட்டிலிருந்து வந்து கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிறவர்கள். பாவம், அலைச்சல் பிடித்த வேலை, சமைக்கவும் வேண்டுமா என்பார் டீச்சர். குரலில் தேன் ஒழுகும். பத்தாம் வகுப்பில்தான் எனக்கு உறைத்தது. எங்களிடம் கேட்பதெல்லாம் கடையில் கட்டிக் கொடுக்கிற சாமான். எங்கள் அடுப்பில் வெந்தது எதுவும் அந்த மேசைக்குப் போனதில்லை. ஸ்டூ செய்கிற வீட்டு அம்மாளும் வேலைக்குப் போகிறவர்தான். அவரை யாரும் பாவம் பார்க்கவில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். எனக்குத் தெரியாதா என்றாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில் எனக்குச் சமையலறை வேலை கிடைத்தது. அங்கே டிசம்பர் மாதம் வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காக, வீட்டுக்கார அம்மாள் உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்து ஓவனில் வைக்கும் ஒரு பதார்த்தம் சொல்லிக்கொடுத்தார். கேசரோல் என்று பெயர். மூன்று டிசம்பர் அதை நான்தான் செய்தேன். தட்டத்தைச் சுரண்டித் தின்றார்கள். என் கையால் செய்ததை ஏழு கடல் தாண்டி வந்தவன் சாப்பிடலாம், எழுபது அடி தள்ளி இருக்கிற டீச்சர் சாப்பிடக் கூடாதா? அந்த வருஷம் சந்து விருந்துக்கு அதைச் செய்தே தீருவது என்று கிளம்பிவிட்டேன்.

வழக்கம்போல பிளேட் கட்டு வாங்குவதற்கு போட் ஏறி எறணாகுளம் போனேன். பிராட்வே கடைத்தெருவில் அந்த பிளேட் கடை வாசலைப் பார்த்தபடியே தாண்டிப் போய், டின் சீஸும் வெண்ணெயும் மிளகும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"வேண்டாம் மோளே. அவுங்க தொடாம வெச்சுட்டா, அத எப்பிடி நான் திரும்பத் தூக்கிட்டு வருவேன்?" என்றாள்.

எனக்கும் அந்தப் பயம்தான். பயத்தோடுதான் கிழங்கு வேகவைத்தேன். பாதி வெந்ததும் எடுத்து வட்டம் வட்டமாக அரிந்தேன். வெண்ணெயில் மைதாவை வறுத்து, பால் ஊற்றிக் குழம்பாக்கி, வெங்காயமும் மிளகும் சேர்த்தேன். ஹோம்ஸ்டேயில் போடாத பச்சைமிளகாயையும் கீறிப் போட்டேன். எல்லாவற்றையும் தட்டத்தில் அடுக்கி, சீஸைத் தேங்காய் துருவியில் துருவி ரொட்டித்தூளோடு மேலே தூவினேன். வீட்டில் ஓவன் ஏது? பேக்கரி சேட்டனிடம் கேட்டேன். கிறிஸ்துமஸ் காலையில் கடைசி கேக் இறங்கியதும் அவருடைய போர்மா அடுப்பில் மிச்சச் சூடு இருக்கும், தட்டத்தைக் கொண்டுவா என்றார். மேலே ரொட்டித்தூள் பொன்னிறமாகப் பொரிந்து, ஓரமெல்லாம் சீஸ் கொப்பளிக்க அது வெளியே வந்தபோது நானே அசந்துபோனேன்.

மதியம் அந்தத் தட்டத்தை வாத்து ரோஸ்டுக்குப் பக்கத்தில், மேசைக்கு நட்டநடுவில் வைத்தேன். டீச்சர் என் கையைப் பார்த்தார், மேசைக்கு அடியிலும் பார்த்தார்.

"பிளேட் எவிடெ மோளே?"

வெளியே நான் மலையாளம்தான் பேசுவேன். அன்று தமிழ்தான் வந்தது. "பிளேட் இல்ல டீச்சர். இந்த வருசம் கெழங்கு."

பக்கத்துக் கடைகள் எல்லாம் அடைப்பு. சோறும் அப்பமும் ஆறிக்கொண்டிருந்தன. அத்தனை பேரும் வெறும் கையோடு நின்றார்கள். அப்போது அம்மா எழுந்து கிளப்பை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டுக்குள் போனாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன். நாங்கள் தினமும் சாப்பிடுகிற எவர்சில்வர் தட்டுகளையும் பரணில் கிடந்தவற்றையும் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கி வந்தாள். மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

ஒருவரும் அசையவில்லை. பிறகு ஸ்டூ வீட்டு அம்மாள் ஒரு தட்டை எடுத்துக் கிழங்கும் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் பிள்ளைகள், அப்புறம் மற்றவர்கள். இரண்டு வீட்டார் மட்டும் தங்கள் வீட்டுக்குப் போய்ச் சொந்தத் தட்டோடு வந்தார்கள். அவர்கள் யார் யார் என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

நான் ஒரு தட்டில் கிழங்கு வைத்து டீச்சரிடம் நீட்டினேன். சீஸ் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றார், அதே தேன் குரலில்.

கிழங்கை என் தட்டுக்கு மாற்றிக்கொண்டேன். அடுக்கிலிருந்து வேறொரு தட்டை எடுத்து நீட்டி, "அப்போ அப்பம் வெச்சுக்குங்க டீச்சர். தட்டுல சீஸ் இல்ல" என்றேன்.

முற்றமே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் வாங்கிக்கொண்டார். ஒரு அப்பம், ஒரு கரண்டி ஸ்டூ, அவ்வளவுதான் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெருந்தன்மையெல்லாம் ஒன்றும் இல்லை, சுத்தமான சந்தோஷம்.

தட்டம் காலியாகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கால்வாசி மிஞ்சியது. பண்டிகை டூட்டி முடிந்து வந்த அப்பா அதைச் சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார்.

அடுத்த டிசம்பரில் கிளப் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது. பேப்பர் பிளேட் வேறொரு வீட்டுக்குப் போயிருந்தது. எங்கள் வீட்டுக்கு ஐஸ்கிரீம். அதுவும் கடையில் வாங்குகிற சாமான்தான். அம்மாவுக்கு மலையாளம் வாசிக்க வராது என்பதால் நான்தான் வாசித்துச் சொன்னேன்.

"அந்த அடுப்புச் சேட்டன்கிட்ட இன்னிக்கே சொல்லி வெச்சிரு" என்றாள். "கெழங்கு எத்தன கிலோ வாங்கணும்?"