அக்காவின் வலது முழங்கால்

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. இயந்திரத்திலிருந்து ஈரப் போர்வைகளை இழுத்துப் போட்டு, நாள் முழுக்க நின்றபடியே தேய்த்து மடிக்க வேண்டும். அதை அவள் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. அவளுடைய வேலை மாலையில்தான் தொடங்கும். நடக்க முடியாத மகளை முதுகில் சுமந்துகொண்டு நாலாவது மாடியிலிருந்து கீழே இறங்குவாள்.

லிஃப்ட் இல்லாத கட்டடம். கீழ்த்தளம் முழுக்கக் கடைகள். அதில் ஒன்று என் தையல் கடை. மகளுக்கு இருபது வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் விளங்காது. நாங்கள் அவளை மகாராணி என்றுதான் கூப்பிடுவோம். “பல்லக்கு வருது, வழிய விடுங்க!” என்று இரண்டாவது மாடியிலிருந்தே கத்திக்கொண்டு வருவாள். என் கடை வாசலில் உட்கார்ந்து பொத்தான் தைப்பாள், துணி கொடுக்க வருகிறவர்களிடம் வாயடிப்பாள், போகிற வருகிற நாய்க்கெல்லாம் பேர் வைப்பாள். இருட்டியதும் மறுபடி மேலே. மற்ற நேரமெல்லாம் நாலு சுவர்.

வேறு யாராவது தூக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அத்தான் போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. வயசுப் பெண், ஊரார் தொட்டுத் தூக்க அவள் ஒப்பவில்லை. தங்கை நான் தூக்கிப் பார்த்தேன். முதல் திருப்பத்திலேயே இடுப்பு பிடித்துக்கொண்டு, என்னைத் தூக்க ஆள் தேட வேண்டியதாயிற்று.

அப்படிப்பட்ட அக்காவுக்கு வலது முழங்கால் போனது. மூட்டுத் தேய்மானம். வீங்கிக்கொண்டு, மடக்கினால் உயிர் போகும். மகாராணி மூன்று மாதம் தெருவையே பார்க்கவில்லை. அப்போதுதான் அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே மூட்டு ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். அக்கா பேர் கொடுக்கப் போனாள், துணைக்கு நானும் போனேன்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “நம்ம உடம்புல இருக்கற செல்லுங்க கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்னப் பைகளை வெளிய விடும். ஒரு செல்லுகிட்டேருந்து இன்னொண்ணுக்கு சேதி கொண்டுபோற பை. நல்ல செல்லோட பைகளை எடுத்து, தேஞ்ச மூட்டுக்குள்ள ஊசியா போட்டா தேய்மானம் நிக்குதான்னு பாக்கறோம். உங்க மூட்டு நீரையும் எடுத்து, அதுல இருக்கற பைகளை வெச்சு மூட்டு எந்த நிலைமையில இருக்குன்னு சொல்ல முடியுமான்னும் பாக்கறோம். ஆனா பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு முடியற வரைக்கும் எனக்கே தெரியாது.”

“எனக்கு மருந்துதான் விழும், பாருங்க” என்றாள் அக்கா.

“வீட்டுல சுமை எதும் தூக்குவீங்களா?”

“இல்லைங்க.”

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “ஏன்க்கா வாய் கூசாம பொய் சொன்ன?”

“போடி. பெத்த மகளப் போய் யாராவது சுமைன்னு சொல்வாங்களா?”

ஊசி போட்ட பத்தாம் நாள் அக்கா நொண்டாமல் நடந்தாள். அந்த மாதமே பல்லக்கு இறங்கிவிட்டது. நான் ஓடிப்போய் அக்காவின் முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டேன், நிஜமாகத்தான். அடைபட்டுக் கிடந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து ஈடுகட்டுகிற மாதிரி, அக்கா காலையும் மாலையும் அவளை இறக்கினாள். என் கடையில் அவள் சிரிப்புச் சத்தம் தையல் மெஷினையும் மீறிக் கேட்டது.

ஆராய்ச்சி முடிந்ததும் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா முகமே சரியில்லை.

“உங்களுக்குப் போட்டது உப்புத் தண்ணிம்மா.”

அக்கா சிரித்தாள். “வெளாடாதீங்க டாக்டர். நான் மாடி இறங்கறேனே?”

“நம்பிக்கையில வலி குறையும்மா, நிறையப் பேருக்கு அப்படித்தான். ஆனா மூட்டு முன்னவிட மோசமா இருக்கு. நடுவுல எடுத்த மூட்டு நீர்ல இருந்த பைகள் அப்பவே ஏதோ சரியில்லன்னு காட்டிருக்கு. இப்ப எக்ஸ்ரேயிலயும் தெரியுது. உண்மையச் சொல்லுங்க, என்ன தூக்கறீங்க?”

அக்கா சொன்னாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யாரைத் திட்டுவது? அவர்கள் முதலிலேயே சொல்லித்தான் ஊசி போட்டார்கள். வழியெல்லாம் உப்பைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே வலி திரும்பிவிட்டது. அப்படியும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மகளைத் தூக்கினாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவள் கால் நடுங்கியது முதுகில் இருந்தவளுக்குத் தெரிந்துவிட்டது. “திரும்பும்மா” என்றாள். மறுநாள் அக்கா எவ்வளவோ கெஞ்சியும் வரவில்லை. “பாத்தவரைக்கும் போதும்மா. தெருவுல அப்படி என்ன இருக்கு?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்கா சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். இந்தத் தடவை அசல் மருந்தையே போடச் சொல்லிக் கேட்டாள் அக்கா. “அது இன்னும் ஆராய்ச்சியிலதாம்மா இருக்கு. வெளிய குடுக்க முடியாது. அடுத்த ஆராய்ச்சியில சேக்கறதுக்கும் உங்க மூட்டு தேய்மானம் எல்லை தாண்டிடுச்சு” என்றார்.

அக்கா புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டாள்.

“அப்ப அந்த உப்புத் தண்ணியவே போடுங்க.”

“அது மருந்தே இல்லையேம்மா.”

“இருக்கட்டும் டாக்டர். அதப் போட்டப்பதான் என் பொண்ணு தெருவுல உக்காந்திருந்தா. நீங்க போடுங்க, நான் தெரியாத மாதிரியே இருந்துக்கறேன்.”