இன்னொரு தடவை சரிபார்ப்பவன்

என் தம்பிக்குத் தெருவில் ‘இன்னொரு தடவை’ என்றுதான் பெயர். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பான். நாலு எட்டு போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பான். கட்டிக்கொள்ள வந்த பெண்ணிடம் இரண்டு முறை சம்மதம் கேட்டு, இரண்டாம் முறை ‘யோசிக்கிறேன்’ என்ற பதிலை வாங்கிக்கொண்ட ஆள்.

வீட்டின் முன்னறைதான் அவன் பட்டறை. வாஷிங் மெஷின், லிஃப்ட், தண்ணீர் மோட்டார், எதன் மூளை கெட்டாலும் அதன் பச்சை நிற சர்க்யூட் போர்டு இவன் மேஜைக்கு வரும். அதிலுள்ள சின்ன சிப்புக்குள் புரோகிராமை ஏற்றித் தர வேண்டும். அதற்கு லினக்ஸ் ஓடும் ஒரு பழைய லேப்டாப் வைத்திருக்கிறான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படமும் இல்லை, பொத்தானும் இல்லை. ஒரு வரி கமாண்டைத் தட்டி எண்டரை அழுத்தினால் சிப்பில் இருந்தது அழிந்து புதியது ஏறிவிடும். ‘நிச்சயமாகவா?’ என்று ஒரு பேச்சுக்குக்கூட அது கேட்காது. அந்தக் குறையை இவன் தீர்த்துவைப்பான்.

என் சக்கர நாற்காலியின் மோட்டார் போர்டும் அவன் செய்ததுதான். முதல் நாள் அவசரத்தில், வேறு யாருடைய மோட்டாருக்கோ எழுதிய ஃபைலை அதில் ஏற்றிவிட்டான். நாற்காலி துள்ளிப்போய் அலமாரியில் முட்டி, என் முன்பல்லில் ஒரு ஓரம் போயிற்று. நான் சிரித்துவிட்டேன். அவன் அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு, சிப்பில் ஏறியதைத் திரும்பப் படித்து ஃபைலோடு ஒப்பிடும் கமாண்டைத் தட்டாமல் எந்தப் போர்டையும் அவன் வெளியே விட்டதில்லை.

சமீபத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் மருந்துக் கிடங்கில் ஃபோனில் ஆர்டர் எடுக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் வேலை. ஆனால் நான் பாதிச் சாலையைத் தாண்டுவதற்குள் பச்சை விளக்கு அணைந்துவிடும். வேகத்தைக் கூட்டிக் கொடு என்றேன். நாற்காலியில் ஒயரைச் செருகி என்னவோ தட்டினான். “ஏத்திட்டேன்க்கா” என்றான்.

மறுநாள் ஒத்திகை பார்க்கப் போனோம். அதே நத்தை வேகம். நடுச்சாலையில் விளக்கு மாறியதும், பக்கத்தில் நடந்து வந்த தம்பி கையைக் காட்டி ஒரு லாரியை நிறுத்தினான். எனக்கு மானமே போயிற்று. வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“ஊருக்கெல்லாம் சரிபாத்துக் குடுக்கிறியே, எனக்கும் பாரு.”

“ஏத்தும்போதே பாத்துட்டேன்க்கா.”

“பரவாயில்ல, என் கண்ணு முன்னாடி பாரு.”

ஒயரைச் செருகி கமாண்டைத் தட்டினான். எண்டர் மேல் விரலை வைத்தவன் அழுத்தவில்லை. எட்டி நானே அழுத்தினேன். புதிய ஃபைலும் சிப்பில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று திரை சொன்னது. அவன் எதையும் ஏற்றவே இல்லை.

“எங்கிட்டயே பொய் சொல்லிட்டியேடா.”

தலையைக் குனிந்துகொண்டான். “இப்ப இருக்கிறது நான் நடக்கிற ஸ்பீடுதான்க்கா. அளந்துதான் வச்சேன். அதுக்கு மேல போட்டா நான் கூட வர முடியாது.”

இத்தனை வருடம் முன்னும் பின்னும் போகாமல் இவன் எப்படி என் பக்கத்திலேயே வருகிறான் என்று நான் யோசித்ததே இல்லை. அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது; ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போலவும் இருந்தது.

“நான் தனியாப் போகணும், அதுக்குத்தான்டா கேக்கிறேன்” என்றேன்.

அவன் புதிய ஃபைலை ஏற்றினான். சரிபார்த்தான். ஒயரைக் கழற்றினான். வாசற்கதவைத் திறந்துவிட்டு, உள்ளேயே நின்றுகொண்டான்.