இன்ஜினுக்கு நாக்கா இருக்கு?

ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவன் நான். ஆசைக்கு இல்லை. என் மனைவிக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷன் என்றாலே நடுங்குவாள். தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, எதிரில் வருவது ஆளா மாடா என்று தெரியாமல் போன பிறகுதான் சம்மதித்தாள். அதற்கும் ஒரு நிபந்தனை.

"திரும்பி வரும்போது பஸ்ஸு காத்து கண்ணுல படக்கூடாது. கார்லதான் வருவேன். நீங்கதான் ஓட்டணும்."

வேறு ஆள் ஓட்டினால் பயமாம். ஓட்டவே தெரியாதவனை நம்பிய ஒரே பிறவி அவள்தான்.

பழைய கார் ஒன்றை வாங்கினேன். கற்றுக்கொடுக்க வந்தவன் அவள் தம்பி, உப்பு லாரி டிரைவர். பானட்டைத் திறக்கச் சொன்னான். நான் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு இன்ஜினைத் தேடினேன். ஆயில் பார்க்கும் கம்பியை உருவச் சொன்னான். உருவிவிட்டேன், திரும்ப எங்கே செருகுவது என்று தெரியவில்லை. கிளட்சை விட்டால் வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்துபோகும். நான் சாவியைத் திருகினாலே தெருவில் படுத்திருக்கும் ஆடுகள் எழுந்து போய்விடும்.

"ரேடியேட்டர் லேசா ஒழுகுது மாமா. தெனம் காலையில தொறந்து பாத்துத் தண்ணி ஊத்துங்க," என்றான் மச்சான்.

உப்பளத்தில் தண்ணீர் பாய்ச்சிப் பிழைப்பவன் நான். தண்ணீர் விஷயத்தில் எனக்கே பாடமா! தினமும் உப்பளத்துக்குப் போனதும் காரைப் பாத்தி ஓரமாக நிறுத்துவேன். பாத்திக்குப் பாயும் போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஊற்றுவேன். அது கரிக்கும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். இன்ஜினுக்கு நாக்கா இருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நாளும் வந்தது. பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கூனிமேடு வரைக்கும் ராஜா மாதிரி ஓட்டினேன். அங்கே பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி, சூடு அடங்கும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். அதன் வாயைச் சுற்றி வெள்ளை வெளேரென்று என்னவோ படிந்திருந்தது. வெள்ளையாக எதைக் கண்டாலும் உப்பளத்துக்காரன் கை சும்மா இருக்காது. தொட்டு நாக்கில் வைத்தேன்.

"என்னாங்க அது?" என்றாள் உள்ளேயிருந்து.

"உப்பு."

"எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?"

சொன்னேன்.

"அந்தத் தண்ணி சூட்டுல காஞ்சா என்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியாது?"

அதைக் காயவைத்துத்தான் இத்தனை வருஷமாகச் சோறு தின்கிறேன். இப்போது வீட்டுக்குத் திரும்பினால் இந்த ஜென்மத்தில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டாள். இருக்கிற பார்வையும் போய்விடும்.

கதவைத் திறந்து இறங்கினாள். ரோட்டோரம் போய் நின்றாள்.

"வர்றது பாண்டி பஸ்ஸா?"

"ஆமா."

கையைக் காட்டினாள். பஸ் நின்றது.

"திரும்பி வரும்போது கண்ணுல காத்து படுமே," என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"படட்டும். கண்ணக் கட்டிக்கிட்டு வர்றேன். இனிமே நீங்க எதுல எத ஊத்துறீங்கன்னு பாக்கறதுக்காவது எனக்குக் கண்ணு வேணும்."

அவள் ஏறிவிட்டாள். பாட்டிலைக் கையில் பிடித்தபடியே நானும் பின்னால் ஓடி ஏறினேன்.